கயிறு விழுந்த பக்கம்

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது மாவு மில்லை மூடிப்போட்ட ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த எட்டு நாளில்தான் மில்லுக்காரன் வருசத்துக்கு நிமிர்வான். முறுக்குக்குக் காயவைத்த அரிசியையும் வறுத்த உளுந்தையும் இரண்டு தூக்குகளில் போட்டு என் மனைவி சைக்கிளில் மாட்டி அனுப்பியிருந்தாள். ஐப்பசித் தூறல். தேரடித் தெரு முழுக்கப் பட்டாசுக் கடைக்காரர்கள் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். காசியின் மில்லுக்குப் போனால் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. வாசலில் ஏழெட்டுப் பெண்கள் டின்னும் அன்னக்கூடையுமாக நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மில்லுக்காரரை யாரும் திட்டவில்லை என்பதுதான் எனக்கு விநோதமாக இருந்தது.

“மோட்டார் ரிப்பேரா?” என்று கேட்டேன்.

“மோட்டாருக்கு இன்னா, நல்லாதான் இருக்குது. ஆளுதான் மூணு நாளா உள்ளயே உக்காந்துனு இருக்கறாரு,” என்றாள் அதிரசத்துக்கு ஈர அரிசி கொண்டுவந்திருந்த ஒருத்தி. “பொண்ணுக்கு ஆபரேசன் தேதி குடுத்துட்டாங்களாம். இவரு வேணாங்கறாராம்.”

காசியை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். புருவம், காது மடல், மூக்குத்துவாரம் எல்லாம் மாவு படிந்து எப்போதும் வெள்ளையாக இருப்பார். வழிகிற மாவை இரண்டு விரலால் நெரித்துப் பார்த்தே இன்னும் ஒரு ஓட்டம் ஓட்ட வேண்டுமா என்று சொல்லிவிடுவார். மிளகாய் அரைக்கிற நாளில் தெருவே தும்மும், அவர் மட்டும் தும்மமாட்டார். மனைவி கஸ்தூரி கல்லாவையும் சீயக்காய் டப்பாக்களையும் பார்த்துக்கொள்வாள். ஒரே மகள் அன்புச்செல்வி, பத்தொன்பது வயது. ப்ளஸ் டூ முடித்துவிட்டு மில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற டின்களில் சாக்பீஸால் பேர் எழுதுவாள். மேற்கொண்டு படிக்க அனுப்பவில்லை. நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள்.

நான் தூக்குகளோடு திரும்பப் போகும்போது கஸ்தூரி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். அழுது முடித்த முகம்.

“சார், நாளைக்கு உங்க கடைக்கு வர்றேன். ஒரு புஸ்தகம் பாக்கணும்,” என்றாள்.

என் கடை என்று அவள் சொன்னது என் கடை இல்லை. முதலாளி வேலூரில் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்குக் கீழே, பைபிள், பாட்டுப் புத்தகம், ஜிப் வைத்த ரெக்சின் உறை, வசனக் காலண்டர் விற்கிற கடை. கோதண்டராமன் என்கிற பெயரை வைத்துக்கொண்டு நான் அங்கே பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தேன். பைபிளை எனக்கு எழுத்தின் அளவாலும் காகிதத்தாலும் பைண்டிங்காலும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பாஸ்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். புதிதாகச் சபைக்கு வருகிறவர்களுக்குப் புத்தகம் கேட்டு யாராவது வந்தால் மூன்று கேள்வி கேட்பேன். கண்ணாடி போடுவாரா, எத்தனாவது வரைக்கும் படித்தவர், எந்தச் சபைக்குப் போகிறார். பதிலைக் கேட்டதும் என் கை தானாக ஒரு தட்டுக்குப் போகும். இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்கிற கர்வம்கூட எனக்கு இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கஸ்தூரி வந்தாள். நெற்றியில் விபூதி, அதற்குக் கீழே குங்குமம். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள் என்று தெரிந்தது.

“எங்க வூட்டுக்காரரு படிக்கிற மாதிரி ஒரு பைபிள் வேணும் சார்.”

“அவர்கிட்டதான் ஒண்ணு இருக்குதேம்மா. பாஸ்டர் இங்கதான் வாங்கினாரு. நான்தான் அட்டை போட்டுக் குடுத்தேன்.”

“அதான் சார் இப்ப வெனையே. அது வேணாம். வேற மாதிரி.”

“வேற மாதிரின்னா, பெரிய எழுத்தா?”

அவள் கண்ணாடி அலமாரியை ஒரு முறை பார்த்தாள். “புள்ள சாவாத பைபிள் எதுனா இருக்குதா சார்?”

நான் முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னாள்.

“ஆனி மாசம் வேலூர்ல சேத்தப்போ நாலு நாளா பொண்ணுக்குத் தூக்கம் இல்ல. படுத்தா மூச்சு முட்டுது. பக்கத்துக் கட்டில்காரம்மா வந்து தலமேல கைய வச்சி ஜெபம் பண்ணாங்க. அன்னிக்கு தூங்கினா சார். அதுலேர்ந்து இவரு ஞாயித்துக்கிழமை ஆனா சபைக்குப் போறாரு. நான் ஒண்ணும் சொல்லல. நான் அண்ணாமலையார கும்புடறேன், அவரு அவரக் கும்புடட்டும், பொண்ணு நல்லாருந்தா போதும்னு இருந்துட்டேன். இப்ப ஆபரேசனுக்கு தேதி குடுத்துட்டாங்க. திங்கக்கெழம போய் சேரணும். செவ்வாக்கெழம ஆபரேசன். இவரு கயிறு சாத்திப் பாத்துட்டாரு சார்.”

கயிறு சாத்திப் பார்ப்பது எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் எல்லாரும் செய்கிறதுதான். ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூடிய சாமி புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவில் ஒரு கயிற்றைச் செருகுவது. அது விழுந்த பக்கத்தைத் திறந்து படிப்பது. கல்யாணம் காட்சி வந்தால் காரியத்தில் இறங்கலாம். காடு, சண்டை, சாவு வந்தால் விட்டுவிட வேண்டும். காசியின் அப்பா வீட்டில் ஒரு புராணப் புத்தகம் இருந்தது. மில் வாங்கியது, கஸ்தூரியைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூருக்கு வந்தது எல்லாம் அதில் கயிறு சாத்திப் பார்த்துத்தான்.

“சாமி மாறிச்சி, கயிறு மாறல சார்,” என்றாள் கஸ்தூரி. “மூட்ட தைக்கிற சணல் கயிறு. பைபிள்ல வச்சி சாத்தினாரு. ஒரு ராஜாவுக்குப் புள்ள பொறந்து ஒடம்பு முடியாம போவுதாம். ராஜா சாப்புடாம கெடந்து அழுவறாராம். ஏழாம் நாளு புள்ள செத்துடுச்சாம். அந்தப் பக்கம் வுழுந்துடுச்சி. கத்தி வச்சா பொண்ணு போயிடும், சாமி சொல்லிட்டாருங்கறாரு. அன்னிலேர்ந்து மில்லும் இல்ல, சோறும் இல்ல.”

“தேதிய தள்ளிப் போட முடியாதாம்மா?”

“இத வுட்டா ஆறு மாசமாம். ஆறு மாசம் தாங்காதுன்னு டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க.”

“நீங்க கையெழுத்து போடக்கூடாதா?”

“போடறேன் சார். பொண்ணு ஒத்துக்க மாட்டேங்கறா. நைனா மனசு இல்லாம நான் அந்த ரூமுக்குள்ள போவ மாட்டேங்கறா. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அவரு உன்ன ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாருங்கறா.” அவள் டீ கிளாசைக் கல்லா மேல் வைத்தாள். “வேற பைபிள் ஒண்ணு குடுங்க. இது நல்ல பைபிளு, இதுல சாத்திப் பாருன்னு குடுத்துப் பாக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து போய் மூன்று புத்தகம் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். முதலாவது, சபைகளில் எல்லாரும் வைத்திருக்கிற பழைய மொழிபெயர்ப்பு. காசியிடம் இருப்பதும் அதுதான். இரண்டாவது, ஒன்றிரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த எளிய தமிழ் மொழிபெயர்ப்பு. மூன்றாவது, சட்டைப்பையில் வைக்கிற மாதிரி சின்னதாகப் புதிய ஏற்பாடு மட்டும்.

அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பழையதைத் திறந்து விரல் வைத்து இரண்டு வரி கூட்டிப் படித்தாள். “இது நம்ம பாசைதானா சார்?”

“நம்ம பாசைதான். நூறு வருசத்துக்கு முந்தி எழுதினது. சபையில எல்லாரும் இதத்தான் சேந்து படிப்பாங்க. புதுசா வர்றவங்க கையில வேற இருந்தா அவங்களுக்கு மட்டும் வரி ஒத்துப் போவாது. அதான் பாஸ்டர் இத வாங்கிக் குடுத்தாரு.”

இரண்டாவதைத் திறந்தாள். அதில் தடங்கல் இல்லாமல் ஓடியது. முகம் கொஞ்சம் தெளிந்தது. “இது புரியுது. இதுல அந்த ராஜா புள்ள?”

“இதுலயும் சாவும்மா. எழுதினவங்கதான் வேற. கத ஒண்ணுதான்.”

“ரெண்டு பேரு எழுதியிருக்காங்க, ஒருத்தராச்சும் காப்பாத்தியிருக்கக் கூடாதா,” என்றாள். குறையாகத்தான் சொன்னாள், வேடிக்கையாக இல்லை.

நான் சின்னப் புத்தகத்தை நகர்த்தினேன். “இதுல அந்த ராஜாவே வரமாட்டாரு. இது பின்னாடி இருக்கற பாகம் மட்டும். இதுல ஒரு அப்பா வர்றாரு. பொண்ணுக்கு முடியலன்னு வந்து கால்ல வுழறாரு. பொண்ணு எழுந்து உக்காந்துடுது. எங்க காலண்டர்ல படம் போட்டிருக்கும்.”

“கயிறு அந்தப் பக்கத்துல வுழுமா?”

“அதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாதும்மா.”

அவள் சின்னதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று பல பாஸ்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரியானதைத்தான் கொடுத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்து ஊதுவத்தி கொளுத்தும்போது காசி வாசலில் நின்றிருந்தார். எனக்கு முதலில் ஆள் தெரியவில்லை. புருவம் கறுப்பாக இருந்தது. கைகளில் ஒரு பொட்டு மாவு இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அவருடைய கை என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பையிலிருந்து பழைய பைபிளையும் சின்னப் புத்தகத்தையும் எடுத்துக் கல்லா மேல் வைத்தார்.

“முன்பாதி எங்க சார்?”

“இது அப்படித்தான் காசி. பின்பாகம் மட்டும் தனியா வரும். புதுசா படிக்கறவங்களுக்கு இதான் சுலபம்.”

“கோயிலுக்கு வர்றவங்கள அம்மன் சன்னதி மட்டும் காட்டி அனுப்பிடுவீங்களா? கயிறு முன்பாதியில வுழுந்துது. எனக்குப் பின்பாதிய குடுத்தனுப்பறீங்க. கஸ்தூரி சொல்லிட்டா, அவ கேட்டுதான் குடுத்தீங்கன்னு. உங்கமேல கோவம் இல்ல.” அவர் குரலில் நிஜமாகவே கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “புரியற மாதிரி ஒண்ணு இருக்குதாமே, முழுசா. அதக் குடுங்க.”

“எதுக்கு காசி?”

“வேற எடத்துல சாத்திப் பாக்க இல்ல சார். ஒரு காரியத்துக்கு ஒரு தடவதான் சாத்தணும். அதே பக்கத்த நல்லா படிக்கணும். சரியா புரிஞ்சிக்காம பொண்ணு விசயத்துல முடிவு பண்ணக்கூடாது இல்ல.”

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. எளிய மொழிபெயர்ப்பை எடுத்துக் கொடுத்தேன். பழைய பைபிளில் சணல் கயிறு நீட்டிக்கொண்டிருந்த இடத்தைத் திறந்து, மேலே போட்டிருந்த பெயரையும் அதிகார எண்ணையும் பார்த்து, புதியதில் அதே இடத்தைக் கண்டுபிடித்தார். நின்றபடியே படித்தார். ஆள்காட்டி விரல் வரிக்கு வரி இறங்கியது. ஒரு இடத்தில் நின்று மேலே போனது, மறுபடி இறங்கியது.

“இப்ப நல்லாவே புரியுது சார்,” என்றார்.

“என்ன காசி?”

“அந்தப் புஸ்தகத்துல ராஜா அழுதாரு, புள்ள செத்துடுச்சின்னு மட்டும்தான் எனக்கு வெளங்கிச்சி. ஏன்னு வெளங்கல. இதுல தெளிவா இருக்குது. தப்பு பண்ணவன் ராஜா. இன்னொருத்தன் பொண்டாட்டிய எடுத்துனு, அவனையும் சாவடிச்சிட்டான். அப்பன் பண்ண தப்புக்குப் புள்ள போச்சி.” விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார். “அன்புக்குப் பத்து வயசுல முட்டி முட்டியா வீங்கி ஜுரம் வந்துது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கஸ்தூரி சொன்னா. நான் கேக்கல. செங்கத்துப் பக்கம் ஒருத்தர்கிட்ட மந்திரிச்சி, தாயத்து கட்டி, ரெண்டு வருசம் ஓட்டினேன். அப்பவே வந்திருந்தா ஊசியிலயே போயிருக்கும்னு இப்ப டாக்டரம்மா சொல்றாங்க. கயிறு சும்மா வுழல சார். ஆள் பாத்துதான் வுழுந்திருக்குது.”

நான் ஏதோ சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. புதியதைப் பையில் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டையும் கல்லாவிலேயே விட்டுவிட்டார்.

“அந்தக் கயித்த மட்டும் எடுத்துடாதீங்க. வுழுந்தது வுழுந்தபடி இருக்கட்டும்.”

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. புரியாத புத்தகம் அந்த மனுசனுக்குப் பாதி பயத்தைத்தான் கொடுத்திருந்தது. மீதிப் பாதியை எடுத்துக் கொடுத்தது நான். கண்ணாடி போடுவாரா, எத்தனாவது படித்தார் என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, இந்த ஆள் இதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று ஒருத்தரைப் பற்றியும் யோசித்ததில்லை.

சனிக்கிழமை கடையை அரை நாளோடு பூட்டிவிட்டுப் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். விசயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தான் கொடுத்த புத்தகம் இருக்கும்போது எளிய மொழிபெயர்ப்பை நான் ஏன் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை கடிந்துகொண்டார். அடுத்த வார்த்தையிலேயே, புதுசா வந்தவர் கையில் முழுப் பைபிளைக் கொடுத்து எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். சைக்கிளில் என் பின்னாலேயே வந்தார்.

மில்லுக்குப் பின்கட்டில்தான் வீடு. மிளகாய்க் காரமும் சீயக்காய் வாசனையும் சுவரோடு ஊறிப்போன ஒற்றை அறை. மூலையில் இரும்பு மடக்குக் கட்டிலில் அன்புச்செல்வி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் எப்போதும் அப்படித்தான். காசி தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி, அவள் தம்பி ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பச்சை வேர்க்கடலையை வேகவைத்து, ஒரு தாம்பாளத்தில் கொட்டி எங்களுக்கு நடுவில் வைத்தாள். ஆவி பறந்தது. யாரும் தொடவில்லை.

“காசி, கயிறு போட்டுப் பாக்கறது குறி கேக்கற மாதிரி,” என்றார் பாஸ்டர். “ஆண்டவருக்கு அது பிரியமில்ல. அந்தப் பக்கம் உங்களுக்குன்னு வந்தது இல்ல.”

“ஐயா, நீங்கதான் போன மாசம் படிச்சிக் காமிச்சீங்க. இயேசு கூட இருந்த பன்னெண்டு பேர்ல ஒருத்தரு கொறைஞ்சப்போ, அடுத்து யாருன்னு சீட்டு போட்டுதான எடுத்தாங்க. அவங்க போட்ட சீட்டுல சாமி சொல்லுவாரு, நான் போட்ட கயித்துல சொல்லமாட்டாரா?”

பாஸ்டர் முழங்கால் போட்டு ஜெபம் செய்தார். நன்றாகத்தான் செய்தார், எனக்கே கண் கலங்கியது. காசி கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்ததும் அதே முகம். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, “மாவு கெடைக்குமா இல்ல வேற மில்லு பாக்கட்டுமா,” என்று கேட்டாள். கஸ்தூரி எழுந்து போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள்.

“நைனா, அந்தப் புஸ்தகத்த இப்படிக் குடு,” என்றாள் அன்புச்செல்வி.

“நீ படிக்க வேணாம்.”

“என்னப் பத்திதான வந்திருக்குது. எல்லாரும் படிச்சிட்டீங்க. நான் மட்டும் படிக்கக் கூடாதா?”

காசி புத்தகத்தை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரி அதை அவர் கையிலிருந்து மெல்ல இழுத்து மகளிடம் கொடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

அவள் சத்தமாகவே படித்தாள். கயிறு விழுந்த பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. இரண்டு பக்கம் முன்னால் போய், ராஜா தப்பு செய்கிற இடத்திலிருந்து வந்தாள். ஒரு வரிக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. வாக்கியங்கள் சின்னதாக இருந்ததால் அவளால் மூச்சுக்கு மூச்சு முடிக்க முடிந்தது. பழைய புத்தகமாக இருந்திருந்தால் பாதி வாக்கியத்திலேயே நின்றிருப்பாள். பிள்ளை சாகிற இடம் வந்தபோது கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வேர்க்கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் அந்த இடத்தில் மாறவில்லை. முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டாள். பிறகு மறுபடி மேலே போய் மனசுக்குள் படித்தபடி எதையோ தேடினாள்.

“நைனா, அந்த ராஜா ஏழு நாளு சாப்புடல. சரி. தரையில கெடந்து அழுதாரு. அதுவும் சரி. வூட்ல இருக்கற பெரியவங்க வந்து எழுப்பறாங்க, எழுந்துக்கல.” மூச்சு வாங்கினாள். “இதுல எந்த எடத்துலயாச்சும் அந்தப் புள்ளய வைத்தியர்கிட்ட காட்டினாங்கன்னு இருக்குதா?”

பாஸ்டர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல ஏதும்மா டாக்டரு,” என்றார் காசி.

“வைத்தியருங்க இருந்தாங்க,” என்றார் பாஸ்டர் மெதுவாக. “வேற எடத்துல வருது. இங்க வரல.”

“ராஜா வூடு. ஒரு ஆள அனுப்பினா பத்து வைத்தியர் வந்திருப்பாங்க. யாரும் கூப்புடல. அவரு அழுதுனே இருந்துட்டாரு.” அவள் புத்தகத்தை மூடவில்லை. “நீயும் அதத்தான் நைனா பண்ண, எனக்குப் பத்து வயசுல. மந்திரிச்ச. தாயத்து கட்டின. எனக்குன்னு நீயும் பட்டினி கெடந்த, எனக்கு ஞாபகம் இருக்குது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டினு போவல. இப்பவும் கீழ உக்காந்து சாப்புடாம கெடக்கற.”

கஸ்தூரி, “அன்பு, போதும்டி,” என்றாள்.

“நான் கோவத்துல சொல்லலம்மா. அந்தப் புள்ளக்கி வாய் இல்ல. எனக்கு இருக்குது. அதான் கேக்கறேன்.”

காசி கையை நீட்டினார். அவள் புத்தகத்தைக் கொடுத்தாள். அவர் முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தார். நாங்கள் நாலு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி வரிக்குப் போய், திரும்ப மேலே வந்து, இன்னொரு முறை இறங்கினார். மாவை நெரித்துப் பார்க்கிற அதே கவனம். தாம்பாளத்தில் கடலை ஆறிப்போனது. பிறகு புத்தகத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு எழுந்து, மில்லுக்குள் போனார். ஷட்டர் மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. மோட்டார் சுவிட்ச் விழுந்தது. பெல்ட் ஒரு முறை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

“ஒத்துக்கினாரா?” என்று பாஸ்டர் என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. சரி என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் மில் ஓடியது. காசி அன்றைக்குச் சபைக்கு வரவில்லை என்று பாஸ்டர் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. நான் தூக்குகளோடு போனபோது வரிசை தெருமுனை வரைக்கும் இருந்தது. அதிரச மாவு, முறுக்கு மாவு, கடலை மாவு என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் கல்லைத் துடைத்துத் துடைத்து அரைத்துக்கொண்டிருந்தார். அன்புச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து சாக்பீஸால் பேர் எழுதினாள். என் தூக்குகளில் கோதண்டம் சார் என்று எழுதினாள். காசியிடம் கேட்க வாய் வரவில்லை. கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டாமல் கையை மட்டும் விரித்தாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் வேலூருக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்தேன். காசி தோளில் பை, கையில் தலையணைகள். கஸ்தூரி கையில் கோயில் விபூதிப் பொட்டலம். அன்புச்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து எளிய மொழிபெயர்ப்பை மடியில் வைத்திருந்தாள். போகிறார்கள் என்பது தெரிந்தது. அங்கே போய் அவர் பேனாவை எடுப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. பஸ் கிளம்புகிற நேரத்தில் கஸ்தூரி என்னைப் பார்த்து, “போன் பண்ண சொல்றேன் சார்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் ஊதுவத்தி கொளுத்தத் தோன்றவில்லை. காசி விட்டுப்போன பழைய பைபிளை எடுத்தேன். சணல் கயிறு அதில் அப்படியே இருந்தது. கயிறு நகராமல் மெதுவாகத் திறந்து, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பக்கத்தை முழுசாகப் படித்தேன். அந்தத் தமிழ் எனக்குமே கஷ்டமாகத்தான் இருந்தது. ஏதாவது ஒரு மூலையில், எனக்குப் புரியாத ஒரு வார்த்தைக்குள், ஒரு வைத்தியர் ஒளிந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். மறுபடி படித்தேன். அலமாரியில் இருந்த இன்னொரு எளிய மொழிபெயர்ப்பையும், கத்தோலிக்கர்கள் வாங்குகிற பழைய பதிப்பு ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் விரித்துவைத்து வரிக்கு வரி பார்த்தேன். நடுவில் ஒருத்தர் காலண்டர் கேட்டு வந்தார். அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

பத்தரை மணிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத் சின்னசாமி தலையை நீட்டி, “வேலூர்லேர்ந்து போனு சார்,” என்றான். நான் போன வேகத்தில் அவனுடைய நாற்காலி சாய்ந்தது.

“சார், காசி பேசறேன்.”

“சொல்லுங்க காசி.”

“பேப்பர்ல எழுதியிருந்ததெல்லாம் படிச்சிக் காமிச்சாங்க. கையெழுத்து போட்டுட்டேன். இப்பதான் உள்ள கூட்டினு போனாங்க. நாலு மணி நேரம் ஆவுமாம்.”

“நல்லது காசி. தைரியமா இருங்க.”

அந்தப் பக்கம் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், தள்ளுவண்டிச் சக்கரம் ஓடுகிற சத்தம். அவர் போனை வைக்கவில்லை.

“சார், அந்தப் பழைய புஸ்தகம் கடையிலதான இருக்குது?”

“இருக்குது.”

“கயிறு இருக்கற பக்கத்த ஒரு தடவ பாருங்க சார். எனக்கு அதுல பாதி வெளங்காது. புதுசுல வுட்டுட்டு, பழசுல எழுதியிருந்தாங்கன்னா? அதுல எங்கயாச்சும் வைத்தியர் வர்றாரான்னு.”

“பாத்துட்டேன் காசி. காலையில கட தொறந்ததும் அதான் பாத்தேன். வரல.”

“நல்லா பாத்தீங்களா சார்?”

“மூணு தடவ பாத்தேன். இன்னும் ரெண்டு புஸ்தகத்த வச்சினும் பாத்தேன்.”

“யாரும் கூட்டினு போவல?”

“யாரும் கூட்டினு போவல.”

அவர் மூச்சு விடுவது கேட்டது.

“நான் கூட்டினு வந்துட்டேன் சார்,” என்றார்.

 சின்னசாமி மீட்டரைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். போனை நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.